இடது குதிகால்

முழங்கால் சத்திரசிகிச்சைக்குப் பிறகு பதுளையில் எனக்குப் பயிற்சி சொல்லித்தரும் பிள்ளை போன வாரம், "பாரத்த வலது கால்லயிருந்து இடது காலுக்கு மாத்துங்க ஆன்ட்டி, குதிகால நல்லா அழுத்துங்க" என்றாள். உடனே செய்துவிட்டேன். எங்கே பழகினீர்கள் என்று கேட்டாள். கோல்ஃப் என்றேன். மாத்திரை தலைக்கேறிவிட்டது என்று நினைத்திருப்பாள். உங்களிடமாவது முழுதாகச் சொல்லிவிடுகிறேன்.

அப்போது நமுனுகுலப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் ஆபீஸ் கிளாக்கர். வயது இருபத்து மூன்று. தோட்டத்துக்குக் கீழே ஒன்பது குழி கோல்ஃப் மைதானம். வருடத்துக்கு ஒருமுறை உத்தியோகத்தர்களுக்கும் அங்கே போட்டி வைப்பார்கள். பெண்களுக்குத் தேநீர் மேசை. அந்த வருடம் ஒருவர் மாற்றலாகிப் போனதில் ஓரிடம் காலி. என் பெயரை எழுதச் சொன்னேன். பெரிய கிளாக்கர் பேனாவை மூடினார்.

"டீ யாரும்மா ஊத்துறது?"

"யாராச்சும் ஊத்தட்டுங்க. நான் வெளையாடுறேன்."

விஷயம் தோட்டத்தை நடத்தும் துரை வரை போனது. முதல் குழிக்கு முன்னால் ஓடும் ஓடையை மூன்று அடிக்குள் ஒரு பந்தாவது தாண்டினால் விளையாடலாம் என்றார். போட்டிக்கு ஒரு மாதம் இருந்தது.

பழைய மட்டையொன்றை இரவல் வாங்கி, கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குப் பின்னால் தினமும் மாலையில் வீசினேன். பந்து கொய்யா மரத்துக்குப் போகும், அல்லது போகவே போகாது. கையைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். பிலோமினா என் லயத்து வரிசை வீடுகளில் என்னோடு வளர்ந்தவள், கொழுந்து பறிப்பவள். துரைமார் அடிப்பதை மலையிலிருந்து வருடக்கணக்காகப் பார்த்தவள். ஒருநாள் வெறுங்கூடையோடு வந்து நின்றாள்.

"கை நல்லாத்தான் போவுது. காலுதான் அங்கிட்டே நிக்குது. சரிவுல நாங்க இப்படி நின்னா உருண்டு போயிருவோம்டி."

என் இடது குதிகாலுக்கு அடியில் ஒரு பச்சைக் கொழுந்தை வைத்தாள். மட்டையை ஓங்கும்போது பாரம் வலது காலுக்குப் போகும். இடது குதிகால் லேசாக எழும்பலாம். இறக்கும்போது, கை வருமுன்பே அந்தக் குதிகால் கொழுந்தை நசுக்க வேண்டும். பாரமெல்லாம் இடப்பக்கம் வந்துவிட, வலது கால் விரல்நுனியில் நிற்க வேண்டும். நசுங்காவிட்டால், "திரும்ப" என்பாள். அந்தப் பச்சை வாசம் என் காலிலேயே தங்கிவிட்டது. ஆபீஸில் பெரிய கிளாக்கர் அடிக்கடி மூக்கை உறிஞ்சுவார்.

போட்டியன்று காலையில்தான் மழை விட்டிருந்தது. முதல் பந்து ஓடையில் விழுந்தது. இரண்டாவதில் புதுச் சப்பாத்து வழுக்கி உட்கார்ந்தேவிட்டேன், அந்தப் பந்தும் ஓடைக்கே. யாரோ சிரித்தார்கள். சப்பாத்தைக் கழற்றினேன்.

"வெறுங்காலோடயா?" என்றார் துரை.

"ஆமாங்க சேர்."

ஈர மண் குதிகாலைப் பிடித்துக்கொண்டது. பந்து ஓடையைத் தாண்டி நாலு முழத்தில் விழுந்தது. மேலே மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவர்களிடமிருந்து ஒரு கூச்சல் வந்தது.

ஒன்பது குழியும் வெறுங்காலோடு ஆடி, கடைசியாக வந்தேன். பெரிய கிளாக்கர்தான் தேநீர் ஊற்றினார். சீனி சரியாகவே இருந்தது.

மைதானம் இப்போது இல்லை. ஓடையைக் குழாய்க்குள் விட்டு, மேலே லீக்ஸ் பாத்தி போட்டிருக்கிறார்கள். மடுவம் இடிந்துவிட்டது. பிலோமினா செத்து ஐந்து வருடமாகிறது. அந்த ஒரு மாதமும் மட்டை என் கையிலேயே இருந்தது. நீயும் ஒரு தடவை அடித்துப் பாரேன் என்று அவளிடம் நான் சொல்லவே இல்லை.