தேவசகாயத்தின் கித்தான் தொப்பி

செவ்வாய்க்கிழமை மதியம் போஸ்ட்மேன் சைக்கிளைவிட்டு இறங்காமலே கார்டை நீட்டினார். நீட்டும்போதே, "சார், தேவசகாயம் சார் போய்ட்டாராம்" என்றும் சொல்லிவிட்டார். போஸ்ட் கார்டு என்றால் அவரும் ஒரு தடவை படித்துவிடுவார். அதைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது? மூலையில் கறுப்பு மை தடவியிருந்தது. அவர் மகள் எழுதியிருந்தாள். சனிக்கிழமை விடியற்காலையில் உயிர் பிரிந்தது, ஞாயிறு மாலை அடக்கம். கார்டு மணிமங்கலத்துக்கு வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. முகம் பார்க்கக்கூட எனக்குக் கொடுத்துவைக்கவில்லை.

அழுகை வரவில்லை, அசதிதான் வந்தது. ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில் அவர் வீட்டுக்குப் போய்த் துக்கம் கேட்டுவிட்டு வந்தேன். அங்கே நம் பழைய சர்வே பிரிவு ஆட்கள் நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். "நடராஜு, கூடவே இருந்தவன் நீதான், ரெண்டு பக்கம் எழுதிக் குடு, நம்ம சங்கத்து மலர்ல போடலாம்" என்றார்கள். கூடவே இருந்தவன் என்று சொன்னபோது என்னால் தலையாட்ட முடியவில்லை. நடுவில் ஆறு வருஷம் நான் அவரோடு பேசாமல் இருந்தது அந்த நாலு பேருக்கும் தெரியும். ஏன் என்பது தெரியாது. அதைத்தான் எழுதலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

அவரை நினைத்தால் உங்களுக்கு முதலில் அந்தத் தொப்பி ஞாபகத்துக்கு வரும். மங்கிய பச்சை, கூடாரத் துணி, கித்தான். மூர் மார்க்கெட்டில் பழைய ராணுவச் சாமான் விற்கிறவனிடம் வாங்கியது. வாங்குவதற்கு மூன்று ஞாயிற்றுக்கிழமை போய் வந்தார். கடைக்காரன் கண்ணாடியை நீட்டினால் இவர் அதைப் பார்க்கவே மாட்டார். தொப்பியைப் போட்டுக்கொண்டு தெருவில் வெயிலில் போய் நிற்பார். நிழல் எங்கே விழுகிறது என்று என்னைப் பார்க்கச் சொல்வார். "தலைக்குப் பாத்து வாங்காதய்யா, பொடரிக்குப் பாத்து வாங்கு. நம்ம வேலை குனியற வேலை. குனிஞ்சா வெயிலு பின்னாலதான் அடிக்கும்" என்பார். பிடரியும் இரண்டு காதும் நிழலுக்குள் வந்த பிறகுதான் வாங்கினார். அதற்குள் எனக்குப் பசி வந்து எரிச்சலும் வந்துவிட்டது.

அந்தத் தொப்பி இருபது வருஷத்துக்கு மேல் உழைத்தது. உழைக்காமல் என்ன செய்யும்? அவர் அதைப் பார்த்துக்கொண்ட லட்சணம் அப்படி. சோப்புக் காட்ட மாட்டார், பூந்திக்கொட்டைத் தண்ணீர்தான். அலசினால் பிழிய மாட்டார். பித்தளைக் குடத்தைக் கவிழ்த்து அதன்மேல் மாட்டி நிழலில் காயவைப்பார். ஆணியில் மாட்டினால் உச்சியில் முட்டு விழும் என்று ஆணியில் மாட்ட விட மாட்டார். உள்ளே நெற்றியைச் சுற்றி ஒரு தோல் பட்டை இருக்கும். வேர்வை ஊறி அது விறைக்காமல் இருக்க மாதம் ஒரு தடவை ஒரு சொட்டு விளக்கெண்ணெய் தேய்ப்பார். "தோலுக்கு எண்ணெய், துணிக்குத் தண்ணி. மாத்திட்டா ரெண்டும் போச்சு." கத்திரி வெயிலில் உள்ளே ஒரு ஆமணக்கு இலையை வைத்துக்கொள்வார். சாயங்காலம் அதை எடுத்துக் காட்டும்போது வதங்கிச் சுருண்டிருக்கும். உன் மண்டையும் இப்படித்தான் ஆகியிருக்கும் என்று எனக்குச் சொல்லாமல் சொல்வார். நான் அப்போது தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு திரிந்துகொண்டிருந்தேன்.

ஆனால் ஊருக்குள் நுழையும்போது அந்தத் தொப்பி அவர் தலையில் இருக்காது. கம்புக்கூட்டில் இடுக்கிக்கொள்வார். அந்தக் காலத்தில் தொப்பி போட்ட ஆள் அளவுச் சங்கிலியோடு வயலில் இறங்கினால் நிலம் போகப்போகிறது என்று அர்த்தம். பெண்கள் உள்ளே போய்விடுவார்கள், ஆண்கள் தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொள்வார்கள். அவருக்கு அது பிடிக்காது. "தொப்பி வேலைக்கு. பேசறதுக்கு இல்ல" என்பார். நிலத்துக்காரரிடம் வெறும் தலையோடு நின்று பேசி முடித்து, வரப்பில் இறங்கிய பிறகுதான் போட்டுக்கொள்வார். இதென்ன வேஷம் என்று நான் கேலி செய்திருக்கிறேன்.

அறுபதுகளின் நடுவில் ஒரகடத்திலிருந்து வாலாஜாபாத் பக்கமாக வயல்களுக்கு நடுவே ஒரு சாலைக்குக் கோடு போடும் வேலை எங்களுக்கு வந்தது. அவர் என்னைவிட மூன்று வருஷம் மூத்தவர், வேலைக்குப் பொறுப்பு அவர். முதலில் அவர் தனியாக நடந்துபோய், கோடு எங்கே போகவேண்டும் என்று படம் போட்டுக்கொண்டு வந்தார். பிறகு அந்தப் படத்தின்படி காம்பஸ் வைத்துத் திசை பார்த்து முளை அடித்துக்கொண்டு போவது என் வேலை. அந்த வேலைக்காகத்தான் நானும் ஒரு தொப்பி வாங்கினேன். காக்கி நிறம். விளிம்பு இரண்டு பக்கமும் எடுப்பாக நிமிர்ந்து நிற்கும். போட்டுக்கொண்டால் வேட்டைக்குப் புறப்பட்ட துரை கெட்டான். தேவசகாயம் அதைக் கையில் வாங்கி என் தலையில் வைத்து, வெயிலில் திருப்பி நிறுத்திப் பார்த்தார். "பொடரிக்கு நெழலு வுழுது. சரி, போட்டுக்கோ" என்றார்.

பதினோரு நாள் நான் முளை அடித்தேன். பன்னிரண்டாம் நாள் முனியம்மா கிணற்றண்டை வந்து நின்றேன். புருஷனை இழந்தவள். ஒன்றரைக் காணி, ஒரு ஜோடி மாடு, அதைப் பூட்டித் தண்ணீர் இறைக்கும் ஒரு கவலைக் கிணறு. அவ்வளவுதான் அவள் சொத்து. என் முளை நேராகக் கிணற்றின் ஓரத்தில் வந்து நின்றது. சாலை அகலத்துக்குப் பார்த்தால் கிணற்றை மூடவேண்டும். கிணறு போனால் அந்த நிலத்தில் புல்தான் முளைக்கும். அவள் அழவில்லை, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"இன்னாய்யா இது? அன்னிக்கு வந்த ஐயா, உன் கெணறு போவாதும்மான்னு சொல்லிட்டுப் போனாரு. தொப்பிய கழட்டி கையில வச்சிக்கினு சொன்னாரு. இப்ப முளை கெணத்துக்குள்ள எறங்கிக்கினு கீது?"

ஆள் அனுப்பி தேவசகாயத்தை வரவழைத்தேன். அவர் தன் படத்தைப் பிரித்துப் பார்த்தார். படத்தில் கிணறு கோட்டுக்கு வெளியே நாற்பது அடி தள்ளி இருந்தது. எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. இங்கிருந்து அங்கே பார்த்த திசையை அங்கிருந்து இங்கே திரும்பப் பார்க்கவேண்டும். இரண்டும் ஒன்றுக்கொன்று நேர் எதிராக வந்தால் சரி. அவர் திரும்பப் பார்த்தார். ஒன்றரை டிகிரி உதைத்தது. ஒன்றரை டிகிரி என்றால் நூறு அடிக்கு இரண்டரை அடி நகர்ந்துவிடும்.

பக்கத்தில் இரும்பு இருந்தால் காம்பஸ் முள்ளும் அதோடு ஒட்டிய டிகிரி வட்டமும் ஏமாந்துபோகும், இது எங்களுக்குப் பாலபாடம். ஆகவே இரும்பைத் தேட ஆரம்பித்தோம். சங்கிலியை இருபது தப்படி தள்ளிப் போட்டோம். சைக்கிள், கடப்பாரை, என் சாவிக்கொத்து, பெல்ட் எல்லாம் வரப்புக்கு அந்தப் பக்கம் போயின. முனியம்மாவின் கவலையில் தண்ணீர் மொள்ளும் இரும்புச் சால், அதைக்கூடக் கழற்றித் தூக்கிக்கொண்டு போகச் சொன்னார். "கெணத்ததான் எடுத்துக்கினீங்கன்னு பாத்தா சாலையும் தூக்கிக்கினு போறீங்களே" என்று அவள் கத்தினாள். ஒன்றும் பலிக்கவில்லை. நான் பார்த்தால் ஒன்று வந்தது, அவர் பார்த்தால் இன்னொன்று வந்தது. எனக்குக் கண் கோளாறோ என்று பயமே வந்துவிட்டது.

முனியம்மா கிணற்று மேட்டில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் அவள்தான் சொன்னாள்.

"அந்த ஐயா குனிஞ்சா கண்ணாடிக்குள்ள கீற வட்டம் கம்முனு கீது. இந்த ஐயா குனிஞ்சா தலைய திருப்பிக்கினு போவுது. இவரு மண்டைக்குள்ள இன்னா கீது?"

தேவசகாயம் என்னை ஒரு பார்வை பார்த்தார். என் தலையிலிருந்து தொப்பியைத் தூக்கி காம்பஸ் பக்கம் கொண்டுபோனார். வட்டம் சுற்றியது. பேனாக் கத்தியால் விளிம்புத் தையலைப் பிரித்தார். உள்ளே எஃகுக் கம்பி, வட்டமாக, பளபளவென்று. அந்த எடுப்பான விளிம்பை நிமிர்த்தி வைத்திருந்தது அதுதான். அவருடைய தொப்பி விளிம்பில் கம்பி கிடையாது, எட்டு வரிசைத் தையல் மட்டும்தான்.

எனக்கு முதலில் வந்தது வெட்கம், அடுத்த நிமிஷம் தந்திரம். "இந்த எடத்துல மட்டும் திருத்திக்கலாம். நெலத்துக்கடியில இரும்பு இருக்குன்னு ரிப்போர்ட்டுல எழுதிடலாம். யாரு தோண்டிப் பாக்கப்போறாங்க?" என்றேன். அப்படி எழுதுவது உண்டு, மேலே ஒத்துக்கொள்வார்கள். கிணறும் தப்பும், என் பெயரும் தப்பும்.

அவர் கம்பியைச் சுருட்டிக்கொண்டே கேட்டார். "இங்க இந்தம்மா கேட்டுச்சு. பதினோரு நாளா கேக்காம நின்னாங்களே, அவங்களுக்கு இன்னா பதில்?"

"எல்லாத்தையும் மறுபடி அளக்கணுமா? இந்தக் கத்திரியிலயா?"

"நாம ரெண்டு பேரும் இருக்கோமே. தப்பு இன்னான்னு நீயே உன் கையால எழுதிக் குடு. நான் எழுத மாட்டேன்."

மூடி மறைக்கக் கேட்டேன், மறுத்துவிட்டார். அந்தக் கோபத்தோடுதான் மறுநாள் முதல் முளையிலிருந்து ஆரம்பித்தேன். கம்பி போன என் தொப்பி காதுக்குமேல் தொங்கியது, சங்கிலி பிடிக்கும் செயின்மேன்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் புளியமரத்தடியில் அவர் அதை வாங்கி, கோணி ஊசியால் விளிம்பில் வரிசை வரிசையாகத் தையல் ஓட்டிக் கொடுத்தார். நான் நன்றி சொல்லவில்லை. வெயில் மண்டையைப் பிளந்தது. ஒவ்வொரு முளையும் பத்தடி, பதினைந்தடி தள்ளிப் போயிற்று. ஒருவர் மாந்தோப்பு திரும்பக் கிடைத்தது, இன்னொருவர் வீட்டுச் சுவர் தப்பித்தது. முனியம்மாவின் கிணறு நாற்பதடி தள்ளியே நின்றது. அவள் எங்களுக்கு ஒரு செம்பு மோர் கொண்டுவந்து கொடுத்தாள். கோபத்தில் என் பங்கை ஒரு செயின்மேன் கையில் கொடுத்துவிட்டேன்.

என் கையால் எழுதிக் கொடுத்தேன். மெமோ வந்தது, திண்டிவனம் பக்கம் மாற்றலும் வந்தது. ஆறு வருஷம். பொங்கலுக்குப் பொங்கல் அவரிடமிருந்து வாழ்த்துக் கார்டு வரும், நான் பதில் போட்டதில்லை. ஏழாம் வருஷம் வேறு ஏதோ காரியமாக ஆபீசில் என் பழைய ஃபைலை எடுத்தார்கள். நான் எழுதியதற்குக் கீழே அவர் கையெழுத்தில் இரண்டு வரி இருந்தது. "இந்தத் தொப்பியைப் பார்த்துச் சரி என்று சொன்னவன் நான். விளிம்பைத் தொட்டுப் பார்க்காதது என் தவறு." அவருக்கும் மெமோ போயிருக்கிறது. அவருக்கு வரவேண்டிய பதவி உயர்வு அதனால் தள்ளிப் போயிருக்கிறது. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்றைக்கே பஸ் ஏறி அவர் ஆபீசுக்குப் போனேன். டிபன் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "வாய்யா, சாப்டியா?" என்றார், நேற்றுத்தான் பார்த்தவர் போல. மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று போனவன் அவர் டப்பாவில் பாதியைச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினேன்.

இதோடு நிறுத்திக்கொண்டால் நல்ல அஞ்சலியாக இருக்கும். நிறுத்த முடியவில்லை.

அந்த ஆறு வருஷத்தில் திண்டிவனம் பக்கம் ஒரு சாலைக்கு எல்லைக் கல் நட்டேன். திரும்பப் பார்த்தபோது ஒரு டிகிரி உதைத்தது. இந்தத் தடவை தொப்பி காரணம் இல்லை, அவசரம்தான் காரணம். ஏழுமலை என்ற குடியானவரின் நெற்களம் கல்லுக்கு இந்தப் பக்கம், அதாவது சர்க்கார் பக்கம் வந்துவிட்டது. அவர் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார், கேட்கவில்லை. போன தடவை மறுபடி அளந்து எனக்கு என்ன கிடைத்தது, மாற்றல்தானே என்று ஃபீல்டு புக்கை மூடினேன்.

போன பொங்கலுக்கு தேவசகாயத்தைப் பார்க்கப் போனபோது இதை அவரிடம் சொன்னேன். கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார், பேச்சு குறைந்துபோயிருந்தது. திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"அந்த ஆளு இருக்கானா?" என்றார்.

"தெரியல."

"போய்ப் பாரு."

அவ்வளவுதான். சரி என்றேன். வெயில் தணியட்டும் என்று பார்த்தேன், பிறகு மழை, பிறகு முழங்கால் வலி. அதற்குள் கார்டு வந்துவிட்டது. போனேன் என்று சொல்ல இனி ஆள் இல்லை.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது என்ன என்று கேட்டால், 'போய்ப் பாரு' என்ற அந்த இரண்டு வார்த்தைதான். அதை வைத்துக்கொண்டு எனக்கு நிம்மதி இல்லை. என் பெயர், நான் நட்ட கல், என் தவறு மூன்றையும் ஒரு மனுவில் எழுதி, கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அதைத் திண்டிவனம் ஆபீசில் கொடுப்பதற்கு முன்னால் ஏழுமலை வீட்டு வாசலில் போய் நிற்கவேண்டும். அவர் இல்லாவிட்டால் பிள்ளைகள் இருப்பார்கள். நாளைக் காலை முதல் பஸ்.