பால் பசையில் ஒட்டிய சாமி அலமாரி

கிளாம்பைத் தளர்த்திப் பலகையை எடுத்தபோது மேலே ஒட்டிய மெல்லிய தேக்குத் தகடு, வெனியர், முழுக்கக் கருந்திட்டாக இருந்தது. இன்டர்மீடியட் முடித்துவிட்டுச் சும்மா இருக்கப் பிடிக்காமல் கோட்டாற்றில் ஒரு பர்னிச்சர் கடையில் அப்போதுதான் சேர்ந்திருந்தேன்.

அது சாமி அலமாரிக்கான கதவு. செய்யச் சொன்னவர் சுசீந்திரத்துப் பிள்ளை ஒருவர். அவர் மனைவி படுத்த படுக்கை. பூஜை அறை வரைகூட நடக்க முடியாது. படுத்தபடியே கும்பிடக் கட்டிலுக்கு எதிரே அலமாரி வேண்டும். ப்ளைவுட்டில் செய்து, மேலே தேக்கு வெனியர் ஒட்டலாம். ஆனால் ஒரு நிபந்தனை.

"வச்சிரம் ஆகாது, கேட்டேரா? மாட்டுத் தோலக் காய்ச்சி ஒட்டுனதுக்குள்ள சாமிய எப்பிடிவே வைக்கது?"

வெனியர் என்றாலே எங்களுக்கு வச்சிரம்தான். முதலாளி யோசித்து, கொல்லத்திலிருந்து கேசீன் பசைப்பொடி வரவழைத்தார். பாலிலிருந்து எடுப்பது, சுண்ணாம்பு சேர்ந்தது. தங்கையன் மேஸ்திரி அதைக் குழைத்துக்கொண்டே என்னிடம், "பசுவுக்கு வெளிய உள்ளது ஆகாது, உள்ள உள்ளது ஆகும். நல்ல கணக்கு மக்கா" என்றார்.

ஒட்டு நன்றாகத்தான் பிடித்திருந்தது. தட்டிப் பார்த்தோம், எங்கும் ஒட்டாமல் விட்ட பொள்ளல் சத்தம் இல்லை. ஆனால் சுண்ணாம்புக் காரம் பட்டால் தேக்கு கறுக்கும். வெனியர் அட்டை கனம்தானே, ஈரம் மேலே ஊறி வந்துவிட்டது.

அன்றைக்கே பிள்ளை மாட்டுவண்டியோடு வந்து நின்றார்.

"கறுத்தா கறுத்துட்டுப் போட்டும்வே. கதவ மாட்டித் தாரும், கொண்டு போறேன். அவளுக்குக் கஞ்சி எறங்கல."

"அண்ணாச்சி, இத வெளிய விட்டா என் கடைப் பேரு என்னத்துக்கு ஆவும்?" என்றார் முதலாளி. "ஆக்ஸாலிக் போட்டு வெளுத்து, பாலீஷ் ஏத்தித் தாரேன். ஒரு நாலு நாள்."

"அவளுக்குக் கண்ணு மங்கியாச்சு. திட்டெல்லாம் தெரியாது."

"ஊருக்குத் தெரியும்லா."

வண்டி காலியாகத் திரும்பியது.

ஆக்ஸாலிக் உப்பை வெந்நீரில் கரைத்துத் துணியால் தடவினோம். கறை கண் முன்னால் வெளுத்தது. ஆனால் ஈரம் காய வேண்டுமே, சாரல் விடவில்லை. காய்ந்த பிறகு முதலாளி பாலீஷைக் கோட்டுக்கு மேல் கோட் போடச் சொன்னார். நாலு நாள் என்றது நீண்டுகொண்டே போனது.

நானும் மேஸ்திரியும் அலமாரியை ஏற்றிக்கொண்டு போனபோது முற்றத்தில் ஓலைப் பந்தல் போட்டிருந்தது. கீழே ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அந்த அம்மா முந்தின நாள் போய்விட்டார்.

"வண்டியத் திருப்பச் சொல்லு மக்கா" என்று மேஸ்திரி முணுமுணுத்தார். அதற்குள் பிள்ளை எழுந்து வந்துவிட்டார். கதவைத் தடவினார். முகம் தெரியும் அளவுக்கு மின்னியது.

"நல்லாருக்கு" என்றார். "சாமி இருந்த எடத்துலயே இருக்கட்டும். இதுக்குள்ள தட்டு ஒண்ணு கூட்டிப் போட்டுத் தாரும். அவ சேலை கெடக்கு."

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். தேக்குக்குக் கேசீன் போட வேண்டி வந்தால் கெட்டியாகக் குழைத்து மெல்லிசாகத் தடவுங்கள். வாங்குகிறவர் போதும் என்றால் அதோடு கையை எடுத்துவிடுங்கள்.

முதலாளி இன்றும் கடைக்கு வருகிறவர்களிடம் அந்த அலமாரியைப் பற்றிச் சொல்வார், கறை இருந்த இடமே தெரியாது என்று. உண்மைதான், தெரியாது.