கடைசி இரண்டு வரி

ஜமைக்காவின் கிங்ஸ்டனில் ஒழுகும் குழாயை அடைப்பதில் எக்பர்ட் ஃபேசியை மிஞ்ச ஆளில்லை. வாயைத் திறப்பதில்தான் தகராறு. ரெக்கே இசைத்தட்டின் பாட்டில்லாத மறுபக்கத்தை ஓடவிட்டு மைக்கைக் கொடுத்தால், அந்தத் தாளத்தின்மேல் கவிதை பேசி ஊரையே கிழிப்பான். தாளம் நின்றால் "உப்பை எடு" என்று கேட்கவும் திணறுவான்.

அவனோடு பதினோரு வருடம் குடித்தனம் நடத்திய அயோனி, மீன் பொரித்து விற்பவள். போன வாரம் பெட்டி கட்டினாள்.

"மோதிரம் போடாதவனுக்கு இனி மீன் பொரிக்க மாட்டேன். ஞாயித்துக்கெழம நாலு மணி பஸ்ல அக்கா வீட்டுக்குப் போறேன்."

 எக்பர்ட் ஆறு நாள் உட்கார்ந்து பதினாறு வரி எழுதினான். கடைசி இரண்டில் அவளைக் கல்யாணத்துக்குக் கேட்டிருந்தான். மற்ற பதினான்கில் மண்ணெண்ணெய் விலைக்கும் கவுன்சிலருக்கும் அர்ச்சனை. வெறும் காதலைச் சொன்னால் அந்தப் பேட்டையில் எவன் காது கொடுப்பான்? அந்த அதிபுத்திசாலித்தனம்தான் அவனைக் கவிழ்த்தது.

ஞாயிறு மூன்றரை மணிக்கு முற்றத்தில் ஆட்டம் தொடங்கியது. வேலிக்கு வெளியே அயோனி பெட்டியோடு பஸ்ஸுக்கு நின்றாள். ஆறாவது வரியில் கவுன்சிலரின் தொப்பை வந்ததும் ஜனம் தகரவேலியை அடி அடியென்று அடித்தது. பிடித்துப்போனால் தகரத்தை அடிப்பார்கள். அடித்தால் இசைத்தட்டு போடும் கிளீவி முள்ளைத் தூக்கி, முதலிலிருந்து வைப்பான். கவிதையும் முதல் வரியிலிருந்துதான். அங்கே அதுதான் சட்டம்.

"தூக்காதடா, முடிக்க விடு."

"ஜனம் கேக்குதுண்ணே, நான் என்ன பண்றது?"

மறுபடி தொப்பை, மறுபடி தகரம். நான்காம் முறை எக்பர்ட் நேரே கடைசி வரிக்குத் தாவினான்.

"தொப்பை எங்கய்யா?" என்றது கூட்டம். கிளீவி முள்ளைத் தூக்கினான். இப்படிப்பட்ட ரசிகர்கள் எதிரிக்கும் வாய்க்கக் கூடாது.

பஸ் வந்துவிட்டது. எக்பர்ட் மைக்கைப் போட்டுவிட்டு ஓடினான். தாளம் இல்லை. எழுதிய இரண்டு வரியும் மறந்துபோயிருந்தன.

"போகாத, அயோனி. நீ இல்லாம... எனக்கு முடியாது. என்னைக் கட்டிக்கறியா?"

எதுகையில்லை, மோனையில்லை. ஒருவரும் தகரத்தைத் தட்டவில்லை.

"இத்தனூண்டு சொல்லவா பதினோரு வருஷம்?" அயோனி கண்ணைத் துடைத்துக்கொண்டு பெட்டியை அவன் கையில் திணித்தாள். "ஏறு. அக்கா வீட்டுக்கு எதிர்லதான் பாதிரியார் இருக்கார். இங்கயே நின்னா, இவனுங்க உன்னை மறுபடியும் முதல்லேர்ந்து ஆரம்பிக்க வச்சுடுவானுங்க."

எக்பர்ட் ஏறினான்.