டெய்ஸிக்குச் சொன்ன செபமாலை

புல்லைக் கண்டு பயப்படும் நாயை நான் முதன்முதலாக இந்த நாட்டில்தான் பார்த்தேன். காலையில் பின்கதவைத் திறந்து விடுவேன். அவள் படியில் நின்று ஒரு முன்னங்காலை மெல்லப் புல்லில் வைப்பாள். சுடுமணலில் வைத்ததுபோல உடனே இழுத்துக்கொள்வாள். "போடி, அது புல்லுத்தான், கடிக்காது" என்று தமிழில் சொல்லுவேன். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, நான் தனக்குத்தான் ஏதோ சொன்னேன் என்று நினைத்து "குட் மோர்னிங்" என்பார். நானும் குட் மோர்னிங் சொல்லுவேன். நாய் படியை விட்டு இறங்காது.

டெய்ஸி, குட்டி விற்பதற்கென்றே நாய்களை அடைத்து வைத்திருந்த ஒரு பண்ணையிலிருந்து மீட்கப்பட்டவள். பீகிள் என்ற இனமாம். தொங்கும் காது, தவிட்டு நிற முகம். கம்பிக் கூட்டில் பிறந்து, கம்பிக் கூட்டிலேயே ஈற்றுக்கு மேல் ஈற்றாகக் குட்டி போட்டவள். கண் திறந்து கொஞ்ச நாளிலேயே குட்டிகளைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்களாம். கூட்டின் தரையும் கம்பிதான். மண் என்றால் என்ன, புல் என்றால் என்ன என்று அவள் காலுக்குத் தெரியாது. நாயைக் கண்டால் கல்லைக் காணோம் என்று சிரித்துத் திரிந்த ஊரிலிருந்து வந்தவள் நான். எனக்கே இதைக் கேட்கப் பொறுக்கவில்லை.

என்னோடு முதியோர் இல்லச் சமையலறையில் வேலை செய்யும் ஷெரில்தான் அவளைக் கொண்டுவந்தாள். வேலை முடிந்தால் ஷெரிலுக்கு நாய்கள்தான் உலகம். இப்படி மீட்கப்பட்ட நாய்களுக்கு நிரந்தர வீடு கிடைக்கும் வரை வைத்திருக்க ஆள் தேடுவாள். "சின்ன வயதில் உன்னிடம் நாய் இருந்ததா?" என்று கேட்டாள். நிறைய இருந்தன என்றேன். எத்தனை என்று கேட்டாள். எண்ணவில்லை என்றேன். "அதில் எது உன்னுடையது?" என்றாள். ஒன்றும் இல்லை, எல்லாம் கடற்கரையுடையவை என்றேன். ஷெரிலின் முகம் வாடிவிட்டது. என் கையைப் பிடித்து, சொந்தமாக ஒரு நாய் வளர்க்கக்கூட வசதி இல்லாமல் இருந்தீர்களா என்று இரக்கப்பட்டாள். இதற்கு மேல் அவளுக்கு எப்படி விளங்கப்படுத்துவது?

எங்கள் ஊரான பேசாலைக் கரையில் கரைவலை இழுக்கும்போது நாய்கள் வரிசையாகக் குந்தியிருக்கும். வலை கரைக்கு வரும்வரை ஒன்றும் அசையாது. வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி பங்கு பிரித்த பிறகு மணலில் சிந்திக் கிடக்கும் சூடைமீனும் காரல்மீனும் நாய்க்குத்தான். அதை எந்த மனிதனும் பொறுக்கமாட்டான். நாய் வாய் வைக்குமுன் பொறுக்குகிறவனுக்கு அடுத்த தரம் வலை இழுக்கும்போது மீன் படாது என்பது எங்கள் ஆட்களின் நம்பிக்கை. மழை வந்தால் அந்த நாய்கள் மீனவர் தங்கும் வாடிக்குள் வந்து படுத்துக்கொள்ளும். மன்னார்ப் பட்டணத்துக் கழுதைகள் அரசாங்கக் கந்தோர் வாசலிலும் பஸ் நிலையத்திலும் படுத்திருப்பதுபோல, அவற்றுக்கு யாரும் சொந்தக்காரர் இல்லை, யாரும் துரத்துவதும் இல்லை. இந்த நாட்டில் சொந்தக்காரன் இல்லாத நாயே கிடையாது. சொந்தக்காரன் இருந்தபடியால்தான் டெய்ஸி கூட்டில் கிடந்தாள்.

என் கணவர் சவிரி முதல்நாளே சொல்லிவிட்டார்.

"இஞ்சை பார், கொஞ்ச நாளைக்கு எண்டால் சரி. பேரெல்லாம் சொல்லிக் கூப்பிடாதை. பிறகு விடேலாமல் போயிடும். நாங்கள் போற ஆக்கள்."

நாங்கள் போகிற ஆட்கள். இந்த வசனத்தை நான் கேட்கத் தொடங்கிப் பிள்ளைகள் வளர்ந்து கலியாணமும் முடித்துவிட்டார்கள். சண்டை முற்றியபோது வள்ளம் ஏறி ராமேஸ்வரம் போய், மண்டபம் முகாமில் கிடந்து, எங்கெங்கோ சுற்றி ரொறன்ரோவுக்கு வெளியே இந்தச் சின்ன நகரத்துக்கு வந்து சேர்ந்தோம். எல்லா இடத்திலும் தற்காலிகமாகத்தான் இருந்தோம். நல்ல அலுமாரி ஒன்று வாங்குவோம் என்றால், "போகேக்கை ஆர் தூக்கிக் காவிறது?" என்பார். இந்த வருடம் அவருக்கு ஓய்வு. பேசாலையில் என் தம்பி யூட் எங்களுக்கென்று வீட்டுக் கூரையை மாற்றி, கடல் பார்த்தபடி ஒரு அறையும் கட்டிக்கொண்டிருந்தான். வெயில் வந்ததும் போவதாகத் தீர்மானம். முதன்முறையாக அது வெறும் பேச்சாக இருக்கவில்லை.

டெய்ஸி சோபாவுக்குப் பின்னால் போய்ப் படுத்தவள், அங்கேயே இருந்தாள். நாங்கள் படுத்த பிறகுதான் சாப்பிடுவாள். குரைக்கவில்லை, முனகவும் இல்லை. ஷெரில் வந்து பார்த்துவிட்டு ஒரு வழி சொன்னாள். தரையில் உட்கார வேண்டுமாம். நாயைப் பார்க்கக்கூடாதாம். மெல்லிய குரலில், ஏற்ற இறக்கம் இல்லாமல், தினமும் ஒரே நேரத்தில் ஒரு புத்தகத்தை வாசிக்க வேண்டுமாம்.

அவள் போனதும் இவர் வெடித்தார்.

"உதென்ன விசர்க்கதை? நாய்க்குப் புத்தகம் வாசிக்கிறதோ? என்ர பிள்ளையளுக்கே நான் வாசிக்கேல்லை."

"நீங்கள் வாசிச்சிருந்தால் அதுகள் இன்னும் நல்லாய் வந்திருக்கும்" என்றேன். சண்டை அதோடு வேறு பக்கம் போய்விட்டது. ஒருவரும் வாசிக்கவில்லை.

எங்கள் வீட்டில் பொழுதுபட்டால் செபமாலை உண்டு. மாதா படத்துக்கு முன்னால் இவர் முழந்தாளில் நின்று முற்பாதியைச் சொல்லுவார், நான் பிற்பாதியைச் சொல்லுவேன். ஊரில் இது பெரிய சத்தம். விளக்கு வைத்த நேரத்தில் ஒழுங்கை முழுவதும் செபமாலைதான். வேலிக்கு அந்தப் பக்கத்து வீட்டில் ஆள் குறைந்தால் அவர்கள் முற்பாதி சொல்ல, எங்கள் வீட்டிலிருந்து பிற்பாதியைச் சொல்லுவோம். முதல்நாள் அவர்களோடு எல்லைக்குச் சண்டை பிடித்திருந்தாலும் பிற்பாதி தவறாது. இங்கே வந்தபின் இரண்டே குரல்கள். எனக்குப் பின்னேர வேலை என்றால் ஒரு குரல்.

அப்படி ஒருநாள் நான் வேலை முடிந்து வர, இவர் கண்ணை மூடியபடி முற்பாதியையும் தானே, பிற்பாதியையும் தானே சொல்லிக்கொண்டிருந்தார். டெய்ஸி சோபாவை விட்டு வெளியே வந்திருந்தாள். நடுவீட்டில், தரையோடு தரையாகப் படுத்து, இவருடைய குதிக்காலுக்குப் பக்கத்தில் நாடியை வைத்திருந்தாள். நான் சப்பாத்தைக் கழற்றாமல் அப்படியே நின்றேன். பார்க்காமல், ஏற்ற இறக்கம் இல்லாமல், தினமும் ஒரே நேரத்தில். ஷெரில் சொன்ன மருந்தைத்தான் இந்த மனிதன் ஒரு மாதமாகத் தனக்கே தெரியாமல் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறார்! செபம் முடிந்து கண்ணைத் திறந்தவர் காலடியில் நாயைக் கண்டார். அசையவில்லை. முழந்தாள் நோக நோக அங்கேயே நின்றார்.

"இஞ்சேர்" என்றார் மெதுவாக, "இன்னொருக்கால் சொல்லுவமோ?"

அன்றைக்கு எங்கள் வீட்டில் இரண்டு செபமாலை. இரண்டாவதில் இவருக்குக் குரல் தழுதழுத்தது. மாதாவுக்கு எல்லாம் விளங்கியிருக்கும்.

அதன்பிறகு கேட்கவேண்டுமா? நாய்க்கு வேலையும் இல்லை, நிற்க நேரமும் இல்லை என்பார்களே, ஓய்வுபெற்ற மனிதன் நாயோடு சேர்ந்து அப்படி ஆகிவிட்டார். பேர் சொல்லிக் கூப்பிடாதே என்றவர் "பிள்ளை" என்று கூப்பிட்டார். நான் விளைமீனை உப்பில்லாமல் அவித்து, முள் பார்த்து, சோற்றோடு பிசைந்து வைத்தேன். இது ஷெரிலுக்குத் தெரியாது. பனி விழுந்தது, பனி கரைந்தது, டெய்ஸி புல்லில் நடக்கப் பழகினாள். இவருடைய காலடிச் சத்தத்துக்கு வாலை ஒரு தரம் ஆட்டுவாள். ஒரே ஒரு தரம்தான். அதை எனக்குச் சொல்ல மாடிப்படி ஏறி ஓடி வருவார்.

ஒரு சனிக்கிழமை ஷெரில் நல்ல செய்தியோடு வந்தாள். டெய்ஸியைத் தத்தெடுக்க ஒரு தம்பதி கிடைத்துவிட்டார்களாம். பெரிய வளவு, அமைதியான வீடு. அவர்களையும் கூட்டி வந்திருந்தாள். நல்ல மனிதர்கள், குறை சொல்ல ஒன்றும் இல்லை. அந்தப் பெண் தரையில் குந்திக் கையை நீட்டினாள். டெய்ஸி இவருடைய கால்களுக்கு நடுவில் புகுந்து நடுங்கினாள். நின்ற இடத்திலேயே சலம் போனது. இவர் குனிந்து அவள் முதுகில் கை வைத்தார்.

"நோ, ஷெரில்" என்றார். "ஷீ ஸ்டே வித் மீ."

நீங்கள் சொந்த நாட்டுக்குப் போகப் போகிறீர்கள் அல்லவா என்று ஷெரில் கேட்டாள். "ஷீ கம் ஆல்சோ" என்றார் இவர், பஸ்ஸில் பக்கத்து ஊருக்குப் போவதுபோல. ஷெரில் அழுது என்னைக் கட்டிப்பிடித்தாள். வந்த தம்பதியும் கோபிக்கவில்லை. அடுத்த கிழமை டெய்ஸி எங்கள் பெயரில் பதிவானாள்.

எங்கள் பிழை அங்கேதான். எங்கள் ஆட்களுக்கு மிருகத்தோடு பயணம் செய்வது ஒரு காரியமே இல்லை. ஊர்ப் பக்கம் அடம்பனிலிருந்து வரும் பஸ்ஸில் கோழி காலடியில் கிடக்கும், ஆட்டுக்குட்டி மடியில் இருக்கும், கொண்டக்டர் அதன் தலையைத் தடவிவிட்டு மிச்சக்காசு கொடுப்பான். நாங்கள் ராமேஸ்வரம் போன வள்ளத்தில்கூட ஒருத்தி தன் பூனையைச் சீலைக்குள் பொத்திக்கொண்டு வந்தாள். பிளேனிலும் டெய்ஸியை மடியில் வைத்து, மேலே ஒரு போர்வை போட்டுக்கொண்டு போகலாம் என்றுதான் இவர் மெய்யாகவே நினைத்திருந்தார். எனக்கும் அது வித்தியாசமாகப் படவில்லை. ரிக்கெற் போடும் தமிழ்ப் பொடியன் ரெலிபோனில் சிரித்தான். "அங்கிள், இவ்வளவு பெரிய நாயை மேல ஏத்தமாட்டாங்கள். கூட்டில போட்டுப் பூட்டி, சாமான் பெட்டியளோட கீழதான் ஏத்துவாங்கள். நடுவில ஒரு எயார்போட்டிலும் மாத்துவாங்கள்." ஒரு பகலும் ஓர் இரவும் அவள் அதற்குள்ளேயே இருக்க வேண்டும்.

இவர் விடவில்லை. பழக்கினால் பழகிவிடுவாள் என்று ஒரு கூட்டை இரவல் வாங்கி வந்தார். நடுவீட்டில் வைத்து, உள்ளே என் பழைய சீலையை மடித்து விரித்து, கோழி ஈரலையும் வைத்தார். டெய்ஸி பயந்து ஓடுவாள், கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கவேண்டும் என்று நினைத்து இருவரும் தள்ளி உட்கார்ந்தோம்.

அவள் ஓடவில்லை. கூட்டைப் பார்த்தாள். வால் இறங்கியது. யாரும் கூப்பிடாமல், தானாகவே உள்ளே போனாள். ஈரலை மணக்கவும் இல்லை. மூலையில் திரும்பி, சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்தாள். கதவு அகலத் திறந்துதான் இருந்தது.

"பிள்ளை, வாங்கோ" என்றார் இவர். காது அசையவில்லை. "வாங்கோம்மா, வெளியில வாங்கோ." எத்தனை தரம் கூப்பிட்டார் என்று தெரியாது. கடைசியில் அவளை இழுக்க மனம் வராமல், கூட்டின் மேல்மூடியைத் திருகாணி திருகாணியாகக் கழற்றினார். கழற்றி முடித்த பிறகும் அவள் கூட்டின் வெறும் அடித்தட்டில் அப்படியே இருந்தாள். இவர் பக்கத்தில் இருந்து செபமாலையைத் தொடங்கினார். பட்டப்பகல். பிற்பாதியையும் அவரே சொல்லவேண்டியிருந்தது. கடவுளே, இத்தனை மாதம் கொடுத்த சோறும் அன்பும் ஒரு கூட்டைக் கண்டதும் போய்விட்டதே என்று நான் அழுதேன்.

மூன்று நாள் கழித்துத்தான் அவள் பழையபடி வாலை ஆட்டினாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை யூட் வீடியோவில் வந்தான். அங்கே பொழுது சாயும் நேரம். வீட்டுக்குப் பின்னால் கடற்கரையில் நின்றான்.

"அத்தான், அறைக்கு என்ன நிறம் அடிக்கிறது? பெயின்ற்காரன் நாளைக்கு வாறான்."

"உன்ர மகளுக்குப் பிடிச்ச நிறத்தை அடி. அவளும் மருமகனும் அதில இருக்கட்டும்."

"அப்ப நீங்கள்?"

"நாங்கள் இருக்க வரேல்லை யூட். இடைக்கிடை வந்து பாத்திட்டுப் போவம். ஒராள் மாறி ஒராள்."

எனக்கே அப்போதுதான் தெரியும். சுள்ளென்று கோபம் வந்தது. இத்தனை வருடம் போகிறோம் போகிறோம் என்று ஒரு அலுமாரி வாங்க விடாத மனிதன், போகவில்லை என்பதை என்னிடம் ஒரு சொல் கேளாமல் சொல்லிவிட்டார். கேட்டிருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். ஆனாலும் கேட்டிருக்கலாம்.

"ஒரு நாய்க்காகவோ அத்தான்?" யூட்டின் குரல் உடைந்தது.

"சீச்சீ, நாய்க்காக இல்லையடா. அக்காவுக்குப் பிறஷர், பேரப்பிள்ளையள் இஞ்சை, ஆஸ்பத்திரி வசதி..." சொல்லிக்கொண்டே போனவர் நடுவில் நின்றார். உலாப் போகும் நேரம் என்று டெய்ஸி வந்து அவர் முழங்காலில் மூக்கால் இடித்தாள்.

"ஓமடா" என்றார். "நாய்க்காகத்தான்."

யூட் போனை முகத்துக்குக் கிட்டக் கொண்டுவந்தான். பிறகு, "அப்ப இனி ரெண்டு பேரும் சேந்து ஒருக்காலும் வரமாட்டியளோ அக்கா?" என்று என்னைக் கேட்டான். ஒருவர் இந்த நாயோடு இருக்க வேண்டுமே. அதை நான் அதுவரை யோசிக்கவில்லை. நாங்கள் வள்ளம் ஏறிய அந்தக் கரையில் இனி நாங்கள் இருவரும் ஒன்றாக நிற்கப்போவதில்லை.

"நீ கடலைக் காட்டு" என்றேன்.

அவன் கமராவைத் திருப்பினான். செக்கல் வெளிச்சத்தில் கடல் வந்தது. இரைச்சலும் வந்தது. டெய்ஸி வாசலுக்கு இழுத்தாள். இவர் போனை நிறுத்தவும் இல்லை, அவளை மறிக்கவும் இல்லை. ஒரு கையில் அவளுடைய வாரைப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையில் பேசாலைக் கடலைப் பிடித்துக்கொண்டு, தெருவில் இறங்கி நடந்தார். பக்கத்து வீட்டுக்காரர் "குட் மோர்னிங்" என்றார். இவருக்குக் கேட்கவில்லை.