நிலாவுக்கு வடக்கு

"காலை இந்தப் பக்கம் நீட்டுண்ணே," என்றார் ஹனீஃபா.

கஜபதி பெஞ்சில் மல்லாந்தபடியே சுற்றிப் படுத்தார். பள்ளிக்கூட மொட்டை மாடி. மாலை ஐந்தரை. பாதி நிலா நேர் உச்சியில் வெளுத்திருந்தது. மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருந்த ஹனீஃபா, வில்லைகளை அட்டைக் குழாயில் பொருத்தித் தானே செய்த தொலைநோக்கியைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"நிலாவுல அந்தக் கறுப்பு வட்டம் இப்போ மேலே வந்துட்ச்சு பாய்," என்றார் கஜபதி.

"இப்பத்தானே கீழேன்னு சொன்னே?"

கஜபதிக்கு நாற்பத்தாறு வயது. திருத்தணி பத்திர ஆபீசுக்கு எதிரே மேசை போட்டு வீட்டுப் படமும் மனைப் படமும் வரைபவர். முதலில் வடக்குக் குறி, கடைசியில் கையெழுத்து. இருபத்திரண்டு வருடத்தில் சென்ற மாதம் ஒரே ஒரு முறை குறி திரும்பிவிட்டது. மேஸ்திரி படத்தை நம்பி, ஆர்.கே.பேட்டை ரோட்டில் ஒரு வீட்டுக்குத் தெற்கே வாசல் வைத்துவிட்டார். அதிலிருந்து கடைத்தெருவில் கஜபதிக்குத் 'தெற்கு வாசல்' என்று பெயர். வேலையும் வரவில்லை. பள்ளிக் கண்காட்சிக்கு நிலாப் படம் வேண்டும் என்று அறிவியல் டீச்சர் கோமளவல்லி கேட்டபோது, ஊரே வந்து பார்க்கும் படம், இதிலாவது பெயர் நேராகட்டும் என்று ஒப்புக்கொண்டார்.

டீச்சர் கொடுத்த பழைய புத்தகத்தில், கிட்டத்தட்ட நானூறு வருடங்களுக்கு முன் குழாய் வழியாக நிலாவைப் பார்த்து வரைந்தவர்களின் படங்கள் இருந்தன. அவற்றில் வடக்கு மேலே. பின்னால் வந்தவர்கள் குழாயில் தெரிந்தபடியே தெற்கை மேலே போட்டிருந்தார்கள். முதலில் வரைந்தவர்களில் ஒருவர் பள்ளங்களுக்கு அரசர்களின் பெயரை வைத்தார். அடுத்தவர் பூமியின் மலைகளின் பெயரை வைத்தார். மூன்றாமவர் அறிஞர்களின் பெயரை வைத்தார். தண்ணீர் இல்லாத இடங்களுக்குக் கடல் என்று பெயர்.

"ஒரே மனைக்கு மூணு பத்திரம்," என்றார் கஜபதி.

பழக்கத்தில் நிலாப் படத்தையும் வடக்கை மேலே வைத்து வரைந்திருந்தார். வடக்குக் குறி இன்னும் போடவில்லை.

"படத்துல அந்த வட்டம் மேலே வலது பக்கம் இருக்குது சார்," என்றார், படத்தைப் பார்க்க மாடிக்கு வந்திருந்த கோமளவல்லி. "குழாயில கீழே இடது பக்கம் தெரியுது. பசங்க கேட்டா என்ன சொல்றது?"

"குழாய் தலைகீழாத்தான் காட்டும் டீச்சர்."

"அப்போ வெறும் கண்ணால பாருங்க."

பார்த்தார். கிழக்கே திரும்பி நின்றால் ஒரு மாதிரி இருந்தது, மேற்கே திரும்பினால் வேறு மாதிரி. புத்தகக்காரர்களின் ஊரில் நிலா தெற்கே சாய்ந்து நிற்கும் போலிருக்கிறது. இங்கே தலைக்கு மேல் நிற்கிறது, ஆள் திரும்பினால் அதன் மேல்பக்கமும் மாறிவிடுகிறது.

"எது பாய் சரி?"

"என்னைக் கேட்டா பவர் சொல்லுவேன். திசை உன் தொழிலு," என்றார் ஹனீஃபா. "பாத்துப் போடு. அப்புறம் நிலாவுக்கும் தெற்கு வாசல் வெச்சுட்டான்னுவாங்க."

கஜபதி பென்சிலால் குறி போட்டார். அழித்தார். எதிர்ப்பக்கம் போட்டார். அதையும் அழித்தார். அந்த இடத்தில் தாள் தேய்ந்து மெலிந்தது.

மறுநாள் பத்து மணிக்குக் கண்காட்சி தொடங்கியது. படத்தைச் சுவரில் மாட்டவில்லை, மேசைமேல் கிடத்தியிருந்தார்கள். குறியும் இல்லை, கையெழுத்தும் இல்லை. வந்தவர்கள் அவரவர் நின்ற பக்கத்திலிருந்து பார்த்தார்கள். யார் வரைந்தது என்று இரண்டு பேர் கேட்டார்கள். கஜபதி அங்கே போகவில்லை, பத்திர ஆபீசுக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். மதியம் வரை ஒருவர்தான் வந்தார். முத்திரைத்தாள் எங்கே கிடைக்கும் என்று கேட்டுவிட்டுப் போனார்.