மடலைத் திறக்காதவர்கள்

ஆனந்தவள்ளியின் இரண்டாவது நாவலை வாங்கியவர்களில் பாதிப்பேர் அவளுடைய அலுவலகத்துக்காரர்கள். திருச்சி கே.கே. நகரிலிருந்து ஸ்கூட்டரில் காப்பீட்டு அலுவலகத்துக்குப் போய்வந்து, மிச்ச நேரத்தில் எழுதுகிறவள் அவள். சென்னையில் விளம்பர வேலை பார்க்கும் தோழி அறிவுமதிதான் யோசனை சொன்னாள். "வாரம் ஒரு மடல் ஈமெயில்ல அனுப்புடி. படிக்கிறவங்க உன்னை மறக்காம இருப்பாங்க."

ஞாயிறுதோறும் காலையில் மடல் போகத் தொடங்கியது. காந்தி மார்க்கெட்டில் வாழைத்தார் இறக்குகிறவர்களுக்குள் நடந்த சண்டை, காவிரிப் பாலத்தில் நின்றுபோன பஸ்ஸுக்குள் கைமாறிய இட்லிப் பொட்டலம், பிடிக்காமல் தூக்கிப்போட்ட ஓர் அத்தியாயம் என்று தோன்றியதையெல்லாம் எழுதினாள். யார் யாரோ பதில் போட்டார்கள். நாவலுக்குக் கிடைக்காத சந்தோஷம் அதில் கிடைத்தது.

மடலை அனுப்பித்தரும் இணையதளம், யார் திறந்தார்கள், யார் திறக்கவில்லை என்றும் காட்டும். முதலில் எப்போதாவது எட்டிப் பார்த்தாள். பிறகு திங்கட்கிழமை காபி போடுமுன்பே பார்க்க ஆரம்பித்தாள். திறக்கிறவர்கள் குறைந்தபோது தலைப்புகளை மாற்றினாள். 'நான் செய்த பெரிய தவறு' என்று தலைப்பிட்டு, உள்ளே பால் பொங்கி வழிந்த கதையைச் சொன்னாள். அன்று நிறையப் பேர் திறந்தார்கள். பதில் போடத்தான் ஒருவரும் இல்லை.

சிலர் ஒருமுறைகூடத் திறக்கவில்லை என்று காட்டியது. அது அவளை அரித்தது. அறிவுமதிக்குப் போன் செய்தாள்.

"அவங்களைத் தூக்கிடலாம். ஆனா அதுக்கு முன்னாடி, இன்னும் அனுப்பட்டுமான்னு ஒரு வார்த்தை கேட்டுடு."

"படிக்காதவங்க கிட்ட நான் போய்க் கெஞ்சணுமா?"

அன்று மாலையே அத்தனை பெயர்களையும் நீக்கினாள். அடுத்த வாரம் திறக்கிறவர்களின் விகிதம் ஏறியது. சில நாள் அந்த நினைப்பிலேயே உற்சாகமாக இருந்தாள்.

ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருக்கும். ஸ்ரீரங்கம் வடக்குச் சித்திரை வீதியில் ஒரு வாசகர் கூட்டத்துக்கு அவளைக் கூப்பிட்டிருந்தார்கள். பேசி முடித்து இறங்கியபோது, கறுப்புக் கண்ணாடி போட்ட ஒருவர் கைத்தடியோடு காத்திருந்தார். எடமலைப்பட்டி புதூரில் குழந்தைகளுக்குக் கீபோர்டு கற்றுத்தருகிற இன்னாசிராஜ்.

"உங்க குரல் இப்படியா இருக்கும்?" என்று சிரித்தார். "நாங்க உங்களைப் போன் குரல்லயே கேட்டுப் பழகிட்டோம். ஞாயித்துக்கிழமை கோயில் போயிட்டு வந்ததும் போனை டேபிள்ல வெச்சிடுவேன், அது உங்க மடலைப் படிக்கும். என் வீட்டுக்காரி செசிலிக்கும் பார்வை கிடையாது. ரெண்டு பேரும் அதைக் கேட்டுட்டுத்தாங்க சாப்பிடவே உக்காருவோம்."

ஆனந்தவள்ளிக்கு நெஞ்சு நிறைந்தது. "அவங்க வரலையா?"

"போன ஆடியில தவறிட்டா. கிட்னி. அதுக்கு முன்னாடியே நீங்க எழுதறதை நிறுத்திட்டீங்களே. உங்களுக்கும் உடம்புக்கு ஏதோன்னு நெனச்சோம். படுக்கையில கிடந்தப்பக்கூட, 'அந்த ஆனந்தவள்ளிக்கு நல்லாகணும்'னு ஜெபம் பண்ணுவா."

திறந்ததை இணையதளம் எப்படிக் கணக்கிடுகிறது என்று அறிவுமதி என்றோ சொன்னது அவளுக்கு நினைவுக்கு வந்தது. "நீங்க போன்ல படமெல்லாம் வராம நிறுத்தி வெச்சிருக்கீங்களா?"

"ஆமாங்க. எனக்கெதுக்குங்க படம்?"

மடலுக்குள் ஒளிந்திருக்கும் சின்னப் படம் ஒன்று வந்து இறங்கினால்தான் திறந்ததாகக் கணக்கு. இவர்கள் கேட்டது எதுவும் கணக்கில் ஏறவே இல்லை. வேறு ஏதாவது சொல்லித் தப்பித்திருக்கலாம். முடியவில்லை.

"நான் நிறுத்தலைங்க. நீங்க படிக்கிறதில்லைன்னு நெனச்சு, உங்க பேரை எடுத்துட்டேன். ஒரு வார்த்தை கேட்டிருக்கணும். கேக்கல."

அவர் கைத்தடியை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டார்.

"நாங்களும் ஒரு பதில் போட்டிருக்கலாம். எழுதறவங்களுக்கு ஆயிரம் வேலை, தொந்தரவு பண்ணக்கூடாதுன்னு விட்டுட்டோம்."

"மறுபடியும் அனுப்பட்டுங்களா?"

"அனுப்புங்க. தனியா உக்காந்து கேக்கணும். பாக்கறேன்."

ஆட்டோவில் ஏறும்வரை அவர் தோளைப் பிடித்தபடி கூடவே நடந்தாள். ஆட்டோ கிளம்பிப் போய்விட்டது.

பழைய முகவரிகளைத் தேடி எடுத்து, நீக்கிய ஒவ்வொருவருக்கும் பெயர் சொல்லித் தனித்தனியாக மன்னிப்புக் கேட்டு எழுதினாள். பல வாரங்கள் ஆயின. ஒருவர் 'நீங்கள் யார்?' என்று கேட்டிருந்தார். ஒரு சிலர் மறுபடி அனுப்பச் சொன்னார்கள். மற்றவர்களிடமிருந்து ஒன்றும் வரவில்லை.

செசிலியைப் பற்றி எழுதினால் எல்லோரும் திறப்பார்கள் என்று ஒருநாள் தோன்றியது. தோன்றியதே அவளுக்கு அவமானமாக இருந்தது. அந்த வாரம் வயலூர் சாலையில் மழை பிடித்ததைப் பற்றி எழுதி, இன்னாசிராஜுக்கும் சேர்த்து அனுப்பினாள். அவர் கேட்டாரா என்று கேட்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.