கோயில் சுவரில் நான் அடைத்த கோடுகள்

எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு அடியில் ஓடுகிற ஓடைக்குப் பெயர்கூடக் கிடையாது. பதுளைக்குப் போகிற பஸ்ஸில் இருந்து பார்த்தால் கல்லுக்கு நடுவே கொஞ்சம் தண்ணீர், அவ்வளவுதான். ஆனால் கார்த்திகை, மார்கழியில் மேலே இருக்கிற நாலு மலைகளின் தண்ணீரும் அதில்தான் வந்து விழும்.

கொழுந்து அரைக் கிலோ குறைந்தாலும் எழுதிவைக்கிற தோட்டம் அது. அந்த ஓடை எத்தனை தடவை பெருகியது என்று மட்டும் ஒரு வரி எழுதவில்லை. குறித்து வைத்தவர் ஒரே ஒரு ஆள். எங்கள் லயத்தில், அந்த வரிசை வீடுகளில், பக்கத்து ஒற்றை அறைக் காம்பராவில் இருந்தவர், தேயிலைச் செடியின் கிளைகளைக் கவ்வாத்து வெட்டுகிறவர். ஓடைக் கரையில் ஒரு சின்ன அம்மன் கோயில் உண்டு. வெள்ளம் வடிந்த மறுநாள் கவ்வாத்துக் கத்தியோடு இறங்கிப் போவார். சுவரில் சேறு நின்ற உயரத்துக்கு ஒரு கோடு கீறிவிட்டு வருவார்.

தொண்ணூறுகளில் நாலு கோடுகள் விழுந்தன. முழங்கால் உயரத்தில் இருந்தது, கரையில் நாங்கள் போட்டிருந்த மரக்கறி எல்லாம் போன வருஷத்தின் கோடு. அதற்கு ஒரு சாண் மேலே, கட்டியிருந்த மாடு கயிற்றோடு போன வருஷம். இடுப்பளவுக் கோடு, பாலம் உடைந்து பிள்ளைகள் ஒரு மாதம் பள்ளிக்கூடம் போகாத வருஷம். கடைசிக் கோடு என் நெஞ்சுக்கு மேலே. லயங்கள் மேட்டில் இருந்ததால் ஆள் யாரும் போகவில்லை. அதனால்தான் எவனும் கவலைப்படவும் இல்லை.

கோடு கீறிய அந்த மனுஷன் செத்துப் போனார். அவருடைய மனைவி மட்டும் மிச்சம். நான் அக்கா என்று கூப்பிடுவேன். கொழுந்து எடுக்கும்போது சறுக்கி விழுந்து உடைந்த கால், சரியாகப் பொருந்தாமல் இழுத்து இழுத்து நடப்பாள்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு வீட்டுத் திட்டம் வந்தது. குடும்பத்துக்கு ஏழு பேர்ச் காணி, சொந்த வீடு. தேயிலை நின்ற நல்ல மேட்டைத் தோட்டத்தை நடத்துகிற துரை தருவாரா? தந்தது ஓடைக்கரைப் பொட்டல். பதுளையில் இருந்து அதிகாரி வந்து பார்ப்பார், வெள்ளம் வருகிற இடம் என்று எழுதினால் திட்டம் பக்கத்துத் தோட்டத்துக்குப் போய்விடும் என்று கதை வந்தது. நாங்கள் எட்டுப் பேர் ஒரு காம்பராவில் கிடந்தோம். பெரியவளாகிவிட்ட என் மகள் உடுப்பு மாற்ற வேண்டுமென்றால் ஒரு சேலையை இழுத்துக் கட்டிப் பிடித்துக்கொண்டு நிற்பேன். அந்த வீடு எனக்கு வேண்டும். எப்படியாவது வேண்டும்.

பீலியில் தண்ணீர் பிடிக்கும்போது பேச்சு எழுந்தது.

"கோயில் சொவத்தப் பாத்தா ஒடனே தெரிஞ்சிருமே" என்றாள் ஒருத்தி.

"சொவத்துக்கு வாயா இருக்கு? சுண்ணாம்ப அடிச்சா முடிஞ்சிச்சு" என்றேன்.

அக்கா குடத்தை இறக்கி வைத்தாள். "தண்ணி வராமலா அந்த மனுசன் கீறுனாரு? நாளைக்கு வூட்டுக்குள்ள வந்தா என்னடி செய்வ?"

"ஒங்களுக்கென்னக்கா, புள்ளையா குட்டியா? லயத்துலயே கெடக்கலாம். நாங்க அப்பிடியா?"

நாலு பேர் சிரித்தார்கள். அக்காவுக்குப் பிறந்த இரண்டும் தங்கவில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன். அவள் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை நானே சுண்ணாம்பு அடித்தேன். கோடுகள் ஆழம். இரண்டு தரம் அடித்தும் தெரிந்தன. சுண்ணாம்பைக் கெட்டியாகக் குழைத்து ஒவ்வொரு கோட்டையும் விரலால் அடைத்தேன். விரல் வெந்து தோல் உரிந்தது. அந்தத் தண்டனை எனக்குப் போதாது.

வந்த அதிகாரி யாழ்ப்பாணத்துக்காரர். நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். "மழைக்கு இஞ்ச வரைக்கும் தண்ணி வாறதோ?" என்று கேட்டார்.

"இல்லீங்க ஐயா. அந்தக் கல்லுக்கு இந்தப் பக்கம் வந்ததே இல்லீங்க."

"கோயிலுக்குப் புதுசா வெள்ளை அடிச்சிருக்கிறியள் போல."

"திருவிழா வருதுங்க."

அவர் அக்கா பக்கம் திரும்பினார். "நீங்கள் கனகாலம் இஞ்ச இருக்கிறியள் என்ன? சொல்லுங்கோ அம்மா."

நான் பின்னால் நின்று அவள் முழங்கையைப் பிடித்தேன். நகம் பதியப் பிடித்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. "வராதுங்க" என்றாள். அவர் எழுதிக்கொண்டார்.

வீடு கட்டியதும் சீட்டுக் குலுக்கினார்கள். எனக்கு மேல் வரிசை. அக்காவுக்கு ஓடையை ஒட்டிய கடைசி வீடு. யாரும் ஏமாற்றவில்லை, விழுந்தது அப்படி.

இரண்டு மழைக்காலம் ஓடை சும்மா இருந்தது. மூன்றாவது மார்கழியில், நாங்கள் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த ஒரு காலையில் மழை கொட்டியது. வேலையை நிறுத்தி இறங்கி ஓடி வந்தோம். கீழ் வரிசையில் ஜன்னல் வரைக்கும் தண்ணீர். அக்கா அடுப்புத் திட்டில் ஏறி நின்று கூரைச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஆண்கள் இடுப்பில் கயிறு கட்டிப் போய் இழுத்து வந்தார்கள். வருகிற வழியில் தண்ணீரில் வந்த மரக்கட்டை ஒன்று அந்த உடைந்த காலிலேயே அடித்தது. பதுளை ஆஸ்பத்திரியில் மூன்று கால்விரல்களை எடுத்தார்கள்.

நாங்கள் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தபோது வேறு அதிகாரிகள் வந்தார்கள். முன்பும் வெள்ளம் வந்த இடம் என்றால் அங்கே குடியிருக்க விடமாட்டோம், எல்லோரும் லயத்துக்குத் திரும்ப வேண்டும் என்றார்கள். வேறு காணி தருவீர்களா என்று கேட்டேன். கோப்பைப் புரட்டினார்கள். தரமாட்டார்கள். எங்களுக்கு எதை நேராகத் தந்திருக்கிறார்கள்?

"முந்தி வந்திருக்கா?" என்று மறுபடி கேட்டார்கள். எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள்.

"இதுதாங்க மொத தடவ" என்றேன்.

ஆஸ்பத்திரிக்குப் போய் அக்காவிடம் நடந்ததைச் சொன்னேன். காறித் துப்புவாள் என்று நினைத்தேன். துப்பியிருந்தால் நல்லது.

"நல்ல வேள" என்றாள். "இல்லாட்டி எல்லாரையும் லயத்துக்கு வெரட்டியிருப்பானுக. சேறு வழிச்சுட்டா வூடு வூடுதானே?"

அப்போதுதான் என் வாயில் அது வந்தது. "என் வூட்டுக்கு நீங்க போங்கக்கா. கீழ நாங்க இருந்துக்கிறோம்."

அவள் சிரித்தாள். "ஒம் மகளுக்குக் கல்யாணம் பேசுறியே. ஆத்தோர வூட்டுக்கு எவன்டி பொண்ணு பாக்க வருவான்? போடி, பேசாம இரு."

நான் பேசாமல் இருந்தேன். ஒரு பேச்சுக்கு மறுக்கிறாள், இன்னொரு தடவை கேட்டால் சரி என்பாள் என்று எனக்குத் தெரியும். அந்தக் காலோடு யார்தான் மறுப்பார்கள்? சரி என்றுவிடுவாளோ என்ற பயத்தில்தான் இரண்டாம் தடவை கேட்கவில்லை. தேத்தண்ணீர் வாங்கி வருகிறேன் என்று எழுந்து வெளியே போய்விட்டேன்.